கிளிப்பிள்ளை என்று யாரையும் திட்டுவதற்கு முன்

 

போன மாதம் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "டீச்சர், வீட்டில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வாங்கியிருக்கிறோம். ஆறு மாசமாச்சு, ஒரு வார்த்தை பேசலை. பேச்சுப் பழக்குற வீடியோவை போனில் போட்டுக் கூண்டுக்கு முன்னால வச்சிட்டுத்தான் ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். இப்ப நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போடுது. நீங்க எத்தனையோ பிள்ளைகளைப் பேச வச்சவங்க, ஒரு வழி சொல்லுங்க."

முதலில் பறவைகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் காட்டு என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி அத்தோடு முடிகிறதில்லை. கிளியை மனிதர் பழக்கிய கதைக்கு ஏறக்குறைய 2,400 ஆண்டு வயது. அதைப் படிக்கப் படிக்க, இது கிளிக்குப் பாடம் சொன்ன கதை மட்டுமல்ல, பாடம் சொல்வது என்றால் என்ன என்று மனிதர் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்ட கதை என்று எனக்குப் பட்டது. 34 வருஷம் தொடக்கப் பள்ளியில் நின்றவளுக்கு அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

மேற்கு நாட்டார் கிளியைப் பற்றி எழுதிவைத்த மிகப் பழைய விவரங்களில் ஒன்று நம் நாட்டுக் கிளியைப் பற்றியதுதான். கிரேக்க மருத்துவர் தெசியாஸ் என்பவர் கி.மு. 400ஐ ஒட்டிப் பாரசீக மன்னரின் அரண்மனையில் இருந்தார். இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை. கேள்விப்பட்டதையும் அரண்மனையில் கண்டதையும் வைத்து இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு பறவை வருகிறது. மனிதரைப் போல இந்திய மொழி பேசும், கிரேக்கம் கற்றுக்கொடுத்தால் கிரேக்கமும் பேசும் என்கிறார். அவர் சொல்லும் நிறங்களை வைத்து, தலை மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும் நம் சிறு கிளியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த வரியைக் கவனியுங்கள்: எந்த மொழியைக் கற்றுக்கொடுத்தாலும் கற்கும். கூடவே பிறந்த சத்தமில்லை, கற்றுக்கொண்ட சத்தம் என்று அப்போதே ஒருவர் எழுதிவிட்டார்.

பிறகு கி.மு. 326இல் அலெக்சாந்தர் பஞ்சாப் வந்தார், ஜீலம் ஆற்றங்கரையில் போரஸுடன் போரிட்டார் என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். திரும்பிப் போன படை கிளிகளையும் கொண்டுபோனது என்பது வரலாறு. நம் ஊரில் பெரிய பச்சைக்கிளி என்போமே, தோளில் சிவப்புத் திட்டும் தடித்த அலகும் உள்ளது, மூக்கிலிருந்து வால்நுனி வரை ஏறக்குறைய 2 அடி நீளம் வருவது, அதற்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் அலெக்சாந்தரின் பெயர்தான். அவருடைய கடற்படைத் தலைவர் நியார்க்கஸ், பேசும் பறவையைக் கண்டதைப் பெரிய அதிசயமாக எழுதிவைத்தாராம். அதற்கு 400 ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே பயணத்தை எழுதிய அர்ரியன் என்பவர், கிளியை நானே நிறையப் பார்த்திருக்கிறேன், மற்றவர்களுக்கும் தெரியும், விவரிக்கப் போவதில்லை என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார். அதிசயமாக இருந்தது அதற்குள் வீட்டுக்கு வீடு தெரிந்த பறவையாகிவிட்டது.

ரோமில் கிளி பணக்கார வீட்டு அலங்காரம். மன்னரை வாழ்த்தப் பழக்கினார்கள். எப்படிப் பழக்கினார்கள்? கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்: கிளியின் தலை அதன் அலகைப் போலவே கெட்டி, ஆகையால் பேசப் பழக்கும்போது இரும்புக் கம்பியால் தலையில் அடிப்பார்கள், இல்லாவிட்டால் அதற்கு உறைக்காது. படித்ததும் நெஞ்சு பதறியது. தலையின் கெட்டியைக் காரணமாகச் சொல்லி அடிப்பது ரோமோடு போன வழக்கமா? "மண்டையில ஏறலைன்னா ரெண்டு வைங்க டீச்சர்" என்று பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட பெற்றோரை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

நம் பக்கத்துக்கு வருவோம். சங்கப் பாடல்களில் கிளி முதலில் விரட்டப்படும் பறவை. தினைப்புனத்தில் பரண் மேல் உட்கார்ந்து குறமகளிர் கிளி ஓட்டுவார்கள். அதற்குத் தழல், தட்டை, குளிர் என்று தனித்தனிக் கருவிகள் இருந்தன. குறிஞ்சிப்பாட்டு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே கிளி பின்னால் தெய்வத்தின் கைக்கு ஏறிவிட்டது. மதுரையில் மீனாட்சி கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் தினமும் இலைகளால் புதிதாகக் கட்டும் கிளி. திருவண்ணாமலையில் அருணகிரிநாதர் கிளியாக அமர்ந்ததாகச் சொல்லும் கிளிக்கோபுரம். மீனாட்சியம்மன் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்ற பெயர் வந்ததற்குக் காரணம், ஒரு காலத்தில் அங்கே கூண்டுகளில் வளர்த்து, அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கிய கிளிகள். இப்போது மண்டபம் இருக்கிறது, கூண்டுகள் இல்லை.

வடமொழியில் வாத்ஸ்யாயனர் அடுக்கிச் சொல்லும் 64 கலைகளில் கிளிக்கும் நாகணவாய்க்கும் பேச்சுக் கற்பிப்பதும் ஒன்று. நாகணவாய் என்றால் மைனா. பாணபட்டரின் காதம்பரியில் பெருங்கதை சொல்வதே ஒரு கிளிதான். சுகசப்ததி என்ற நூலில், கணவன் ஊரில் இல்லாதபோது வெளியே கிளம்பும் மனைவியை ஒரு கிளி 70 கதை சொல்லி வீட்டிலேயே நிறுத்திவிடும். அது 14ஆம் நூற்றாண்டில் பாரசீக மொழிக்குப் போய் தூதிநாமா ஆனது. அக்பர் அதை ஓவியங்களோடு எழுதுவித்தார். அந்தச் சுவடியின் பெரும்பகுதி இன்று அமெரிக்காவில் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பகுத்திருப்பதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆறாவது அறிவு மனிதருக்கே என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் பழைய உரையில், மனிதரல்லாத சில உயிர்களுக்கும் அந்த மன அறிவு உண்டு என்று சொல்லி, கிளி, குரங்கு, யானை என்று எடுத்துக்காட்டும் தந்திருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அது வரவில்லை. நமக்குக் கிடைத்தது "சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை" என்பது மட்டும். பொருள் தெரியாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு அதுதான் பட்டம்.

கடல்வழிப் பயணங்கள் தொடங்கியதும் கதையின் அளவே மாறிவிட்டது. 1493இல் கொலம்பஸ் ஸ்பெயினுக்குத் திரும்பியபோது கரீபியத் தீவுக் கிளிகளோடு போனார். பிறகு தென் அமெரிக்காவின் பஞ்சவர்ணக்கிளி, மேற்கு ஆப்பிரிக்காவின் சாம்பல் கிளி எல்லாம் கப்பலேறின. எல்லாக் கூண்டையும் அலங்காரம் என்று சொல்லிவிட முடியாது. 1800இல் ஓரினோக்கோ ஆற்றில் பயணம் செய்த ஹம்போல்ட் ஒரு செய்தியை எழுதியிருக்கிறார். மைப்பூரெஸ் என்ற ஊரில் ஒரு கிழட்டுக் கிளியைக் காட்டினார்கள். அது பேசுவது ஊரார் யாருக்கும் புரியவில்லை. ஏனென்றால், அழிந்துபோன அத்தூரெஸ் என்ற குடியின் மொழியை அது பேசுகிறது என்றார்களாம். மக்கள் போன பிறகும் சொல் மட்டும் ஒரு பறவையின் தொண்டையில் மிஞ்சியிருந்தது. புரிந்துகொள்ளத்தான் ஆளில்லை.

புரிந்துதான் பேசுகிறதா, வெறும் சத்தமா? 20ஆம் நூற்றாண்டு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. ஆனால் அறிஞர்களுக்கு ஒரு பயம் இருந்தது. அதற்குக் காரணம் ஒரு குதிரை. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் (நம் இனம்தான்!) தம் குதிரை ஹன்ஸுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கேள்வி கேட்டால் அது குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904இல் ஒரு குழு வந்து பார்த்து, ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்றது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர்தான் விடையைக் கண்டுபிடித்தார். சரியான எண் வரும்போது கேள்வி கேட்டவரின் தலையும் உடம்பும் தம்மை அறியாமல் மிகச் சிறிதாக அசைகின்றன. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடுகிறது. அன்றிலிருந்து விலங்குக்கு அறிவு என்று யார் பேசினாலும் "ஹன்ஸ் கதையா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அதனால் பழக்குபவரின் முகமே தெரியாதபடி சோதனை செய்யலாம் என்று சிலர் எண்ணினார்கள். சத்தத்தைக் கேட்கவிட்டு, திரும்பச் சொன்னால் ஒரு தீனி கொடுப்பது. 1950ஐ ஒட்டி மவ்ரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தீனிப் பரிசு முறையில் பேசும் பறவைகளைப் பழக்கிப் பார்த்தார். சில சொற்களைச் சொல்ல வைக்க முடிந்தது, பொருளோடு பேச வைப்பதில் பெரிதாக எதுவும் கைகூடவில்லை. பார்த்தாயா, கிளிக்கு அறிவில்லை என்று முடித்துவிட்டார்கள். கற்பித்த முறையில் குறை இருக்கலாமே என்று கேட்க ஆளில்லை. இதுவும் எனக்குப் பழகிய கதைதான்.

இங்கேதான் ஐரீன் பெப்பர்பெர்க் வருகிறார். ஹார்வர்டில் 1976இல் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். சின்ன வயதில் கூண்டுக் கிளிகளோடு வளர்ந்தவர். வேதியியலை விட்டுவிட்டுக் கிளிக்குப் பாடம் சொல்லக் கிளம்பினார். ஆய்வு நிதிக்கு முதலில் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. 1977 ஜூனில் சிகாகோ பக்கம் ஒரு கடையில் ஒரு வயதுச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கினார். எந்தக் கிளி என்பதை அவர் சொல்லவில்லை, கடைக்காரரையே ஒன்றைப் பிடித்துத் தரச் சொன்னார். கெட்டிக்காரக் கிளியாகப் பார்த்துப் பொறுக்கினாய் என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாதே! அந்தக் கிளிதான் அலெக்ஸ்.

அவர் கையாண்ட முறையை ஜெர்மனியில் தீட்மர் டோட் என்பவர் 1975இல் எழுதியிருந்தார். அதை வளர்த்து எடுத்துக்கொண்டார். ஆசிரியப் பிள்ளைகள் என் மாணவரில் பலர் இருக்கிறீர்கள், இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள்.

கிளி ஓரமாக உட்கார்ந்திருக்கும். எதிரே இரண்டு மனிதர்கள். ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணவர். ஆசிரியர் கையில் ஒரு சாவி. "இது என்ன?" "சாவி." "சபாஷ், இந்தா சாவி." மாணவர் அதை வாங்கி ஆசையாக விளையாடுவார். சில சமயம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். ஆசிரியர் "இல்லை" என்று சாவியை மறைத்துவிடுவார். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். கேட்டவர் பதில் சொல்வார், பதில் சொன்னவர் கேட்பார். பார்த்துக்கொண்டே இருக்கும் கிளிக்கு அந்தச் சாவி மேல் ஆசை வரும், பொறாமையும் வரும். தானும் சத்தம் கொடுக்கும். ஓரளவு கிட்டத்தில் வந்தாலே சாவி அதற்குக் கிடைக்கும்.

இதில் மூன்று செய்தி இருக்கிறது. ஒன்று, சாவி என்று சொன்னால் சாவிதான் பரிசு, வேறு கடலையோ பருப்போ இல்லை. சொல்லும் பொருளும் ஒட்டிக்கொள்வது அதனால்தான். இரண்டு, கற்பவர் தனியாக இல்லை. கூட ஒருவர் கற்கிறார், தப்புச் செய்கிறார், திருத்திக்கொள்கிறார். மூன்று, கேட்கிற உரிமை ஒருவருக்கே சொந்தமில்லை. இடம் மாறுவதைப் பார்ப்பதால் கிளியும் கேட்கத் தொடங்குகிறது.

பாகற்காயை "பாகக்கா" என்று சொல்லும் முதல் வகுப்புப் பிள்ளை, நான் பத்து முறை திருத்தியும் திருந்தாதது, பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை ஒரு தடவை சொன்னதும் திருத்திக்கொள்ளும். என் வகுப்பில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும். 2007-08இல் நம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது, தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளை கற்றதையும் பார்த்திருக்கிறேன்.

அலெக்ஸ் என்னவெல்லாம் கற்றது? ஏறத்தாழ 50 பொருள்களுக்குப் பெயர் சொல்லும். 7 நிறம், 5 வடிவம் தெரியும். 6 வரை எண்ணும். தட்டில் பல பொருளைக் குவித்து, நீல மரத்துண்டு எத்தனை என்றால் மற்றதை விட்டுவிட்டு அதை மட்டும் எண்ணிச் சொல்லும். இரண்டு பொருளைக் காட்டினால் எது ஒன்றுபோல, எது வேறு என்று சொல்லும். சோதனைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் சரி. ஹன்ஸ் குதிரையின் சந்தேகம் வராமல் இருக்க, பழக்கியவர் அல்லாத ஆளை வைத்தும் கேட்டார்கள். ஆப்பிளைக் கண்டு அதுவாகவே ஒரு பெயர் வைத்தது: "பனெரி". வாழைப்பழத்துக்கும் செர்ரிப் பழத்துக்கும் ஆங்கிலத்தில் உள்ள பெயர்களை ஒட்டி உண்டாக்கியிருக்கலாம் என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு நாள் 2, 3, 6 என்று மூன்று நிறக் கட்டைக் கூட்டங்களைத் தட்டில் வைத்து, "மூன்று இருப்பது என்ன நிறம்?" என்று கேட்டார். அலெக்ஸ், "ஐந்து" என்றது. மறுபடி கேட்டார், மறுபடியும் "ஐந்து". சலித்துப்போய், "சரி, ஐந்து இருப்பது என்ன நிறம்?" என்றார். "எதுவுமில்லை" என்றது கிளி. தட்டில் ஐந்து என்ற கூட்டமே இல்லை! இரண்டு பொருளுக்குள் வேறுபாடு எதுவும் இல்லாதபோது சொல்லக் கற்ற சொல்லை, இல்லாத எண்ணுக்குத் தானாகப் பொருத்திவிட்டது.

அலுப்பு வந்தால் அலெக்ஸ் செய்த சேட்டையும் நம் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் செய்வதுதான். சரியான விடையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா விடையையும் வரிசையாகச் சொல்லும். "திரும்பப் போகணும்" என்று முதுகைக் காட்டும். பின்னால் வந்த சின்னக் கிளி கிரிஃபின் சரியாக உச்சரிக்காவிட்டால், "ஒழுங்காச் சொல்லு" என்று அதட்டும். எங்கே கற்றிருக்கும்? டீச்சரிடம்தான்!

என் மாணவிக்கு வேண்டிய செய்தி இனிதான். பெப்பர்பெர்க் 1990களில் அலோ, க்யாரோ என்ற இரண்டு இளம் கிளிகளிடம் வேறு முறைகளையும் சோதித்தார். ஒலிநாடாவை மட்டும் கேட்கவிட்டார். வீடியோவை மட்டும் பார்க்கவிட்டார். அதே பாடம், அதே சொற்கள். அவற்றிலிருந்து பொருள் தெரிந்த பேச்சு வரவில்லை. எதிரே ஆள் உட்கார்ந்து நடத்திய பாடத்திலிருந்துதான் வந்தது. 

ஏன் அப்படி? கிளி காட்டில் கூட்டமாக வாழும் பறவை. சாம்பல் கிளிகள் மாலையானால் நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் வந்து அடையும். சத்தம் என்பது அதற்கு உறவுக் கயிறு. வெனிசுலாவில் சிறு கிளி இனம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2011இல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். குஞ்சுக்குத் தனி அழைப்பொலி கிடைப்பது பெற்றோரிடமிருந்து. முட்டையைக் கூடு மாற்றி வைத்தால் குஞ்சு வளர்த்தவர்களின் ஒலியைத்தான் கற்கிறது. நாம் பெயர் வைப்பது போலத்தான். நம் வீட்டுக்கு வந்த கிளி நம் மொழியைப் பேச முயல்வது, வேறு கூட்டம் இல்லாததால் நம்மையே கூட்டமாக எடுத்துக்கொண்டதால். அந்தக் கூட்டம் காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் அதற்கு எப்படி இருக்கும்? இறகைப் பிடுங்குவதற்கு நோயும் காரணமாகலாம், உணவும் காரணமாகலாம், தனிமையும் சலிப்பும் பெரிய காரணம்.

அலெக்ஸ் 2007 செப்டம்பர் 6 அன்று, 31 வயதில், இரவில் கூண்டிலேயே இறந்தது. இலண்டனிலிருந்து வரும் எக்கனாமிஸ்ட் இதழ் அதற்கு இரங்கல் கட்டுரை போட்டது. வழக்கம்போல அன்று மாலையும் பெப்பர்பெர்க்கிடம் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் விடைபெற்றதாம். கிளிக்கு இலக்கணம் இருந்ததா, அதை மொழி என்று சொல்லலாமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பெப்பர்பெர்க்கே அதை மொழி என்று சொல்லவில்லை, இரு தரப்புத் தொடர்பு என்றுதான் சொன்னார். ஆனால் இரும்புக் கம்பியிலிருந்து இங்கே வந்து சேர ஏறக்குறைய 1,900 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இந்த வரலாற்றுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. சாம்பல் கிளி பேசும் என்ற புகழே அதற்கு வினையாயிற்று. பசை தடவியும், பழக்கிய கிளியைக் காட்டி இழுத்தும் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள். வெளிநாடு போய்ச் சேருமுன் செத்தவை ஏராளம். கானா நாட்டில் 1992க்குப் பின் 90 முதல் 99 சதவீதம் வரை குறைந்துவிட்டதாக ஆய்வு சொல்கிறது. அமெரிக்கா 1992இல் காட்டுப் பறவை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் தடை செய்தது. 2016இல் ஜோஹன்னஸ்பர்க்கில் கூடிய உலக நாடுகள், காட்டில் பிடித்த சாம்பல் கிளியை விற்கும் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்யும் பட்டியலில் அதைச் சேர்த்தன. 2017 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டிலும் சட்டம் தெளிவு. நம் மண்ணின் கிளி எதையும், பச்சைக்கிளியோ பெரிய பச்சைக்கிளியோ, பிடிப்பதும் விற்பதும் வீட்டில் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாத்தா காலத்திலிருந்து வளர்க்கிறோம் என்பது விதிவிலக்கு ஆகாது. கிளி ஜோசியக்காரர் தெருவில் குறைந்துபோனதற்கும் இது ஒரு காரணம். சாம்பல் கிளி, பஞ்சவர்ணக்கிளி, காக்கட்டூ போன்ற வெளிநாட்டுக் கிளிகளை வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கிய ரசீதையும் சான்றுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, வாங்கிவிட்டவர்களுக்கு. நல்ல கவனிப்பில் சாம்பல் கிளி 40 முதல் 60 ஆண்டுகூட வாழும். இன்று 40 வயதில் நீங்கள் வாங்கினால், உங்களுக்குப் பின் அது யாரிடம் போகும் என்பதையும் இன்றே முடிவு செய்ய வேண்டும். சூரியகாந்தி விதை மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். கேரட், கீரை, முருங்கை, பழம் எல்லாம் வேண்டும். வெண்ணெய்ப்பழம் என்கிற அவகாடோவும் சாக்லேட்டும் விஷம். நான்ஸ்டிக் பாத்திரம் வெறுமனே அடுப்பில் காய்ந்தால் வரும் புகை மனிதருக்குத் தெரியாது, கிளியைக் கொன்றுவிடும். சமையலறைப் பக்கம் கூண்டு வேண்டாம். கடிக்கவும் கிழிக்கவும் மரக்கட்டை, தென்னை மட்டை, அட்டைப்பெட்டி போடுங்கள். தினமும் சில மணி நேரம் கூண்டுக்கு வெளியே, கதவு ஜன்னல் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி விடுங்கள்.

பழக்குவது பெரிய வித்தையில்லை. ஒரு குச்சியை நீட்டுங்கள். அலகால் தொட்டால் அதற்குப் பிடித்த ஒரு துணுக்குக் கொடுங்கள். தொடுவது பழகிய பின் குச்சியைக் காட்டிக் கைமேல் ஏறவும், கூண்டுக்குள் தானே போகவும் பழக்கலாம். ஒரு தடவைக்கு ஐந்து பத்து நிமிஷம் போதும், அலுக்குமுன் நிறுத்திவிடுங்கள். கடித்தால் கத்தாதீர்கள், அடிக்காதீர்கள், கூண்டை ஆட்டாதீர்கள். கடிக்குமுன் கிளி சொல்லும்: கண்மணி சுருங்கி விரியும், கழுத்து இறகு சிலிர்க்கும். அதைப் படிக்கக் கற்பது நம் பாடம். பேச்சுக்கு, வீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, அது ஆசைப்படும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் கேட்க ஒருவர் சொல்லுங்கள். பிறகு மாறிக்கொள்ளுங்கள். பேசாவிட்டாலும் பாதகமில்லை. எல்லாக் கிளியும் பேசுவதில்லை, பேசாத கிளிக்கும் துணை வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் வாங்காமல் இருப்பதே நல்லது. மொட்டை மாடியில் ஒரு சட்டியில் தண்ணீரும் கொஞ்சம் தானியமும் வையுங்கள். எங்கள் தெருவில் வேப்பம்பழக் காலத்தில் வருகிற கிளிகளை எண்ணி மாளாது. ஒன்றும் பழக்க வேண்டியதில்லை.

நேற்று அந்தப் பிள்ளை போன் செய்தாள். மருத்துவர் உணவை மாற்றச் சொல்லியிருக்கிறாராம். மாமியார் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிறார். பகலில் கிளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாராம், அதுவும் ஒரு தண்டை வாங்கிக் கிழிக்கிறதாம். இறகு பிடுங்குவது நின்றுவிட்டதா என்று கேட்டேன். குறைந்திருக்கிறது, இன்னும் நிற்கவில்லை என்றாள்.

உங்களில் யாராவது பெரிய கிளி வளர்த்திருந்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள், அவளுக்கு உதவும். யார் வீட்டிலாவது பச்சைக்கிளி கூண்டில் இருந்தால், றெக்கை வெட்டிய கிளியைத் திடீரென்று திறந்துவிட்டுவிடாதீர்கள், காக்கைக்கும் பூனைக்கும் இரையாகிவிடும். பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். வகுப்பில் பாடம் எடுக்கும் என் பிள்ளைகள், அந்தச் சாவிப் பாடத்தை ஒரு நாள் வாய்ப்பாட்டுக்கோ ஆங்கிலச் சொல்லுக்கோ செய்து பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்